புல் வளரும்வரை வேலி



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீடுகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு முற்றம் என்று ஒன்று இல்லை. பிள்ளை ஓட வேண்டுமானால், பட்டம் விட வேண்டுமானால், ஞாயிறு மாலையில் பஸ் ஏறிக் காலிமுகத் திடலுக்குத்தான் போக வேண்டும். அந்தத் திடல் ஒரு காலம் பசும்புல்லாகவும் இன்னொரு காலம் வெறும் புழுதியாகவும் கிடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். புல்லை மீண்டும் வளர்ப்பதற்கு இடத்தை அடைக்க வேண்டும். அடைத்தால் பிள்ளைகளுக்கு இடமில்லை. நியாயம் எந்தப் பக்கம்?

முதலில் புல்லின் பக்கத்தைக் கேட்போம். புல்விதை மிகச் சிறியது. ஆழப் புதைத்தால் முளைக்காது. மேலே கிடந்தால் குருவியும் காற்றும் கொண்டுபோய்விடும். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, மட்டப்படுத்தி, விதையைத் தூவி, மெல்லக் கிளறி அழுத்திவிட வேண்டும். பிறகு ஈரம் காயவே கூடாது. அதற்காக வாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலையில் போய் ஒதுங்கும். பூவாளியால்தான் தெளிக்க வேண்டும். 1 முதல் 3 கிழமைக்குள் பச்சை தெரியும். ஆபத்தும் அப்பொழுதுதான். பார்வைக்குப் புல்வெளி, வேரோ இன்னும் மண்ணைப் பற்றியிராது. பிள்ளைகள் ஒரு மாலை பந்தடித்தால் எல்லாம் பெயர்ந்துவிடும். அவசரக்காரர் புற்பற்றைகளை வெட்டிக் கொண்டுவந்து பதிப்பதுண்டு. அவையும் வேரூன்றும்வரை மிதிபடக் கூடாது.

ஆகவே வேலி போடுகிறவரை நாம் பகைக்கக் காரணமில்லை. ஆனால் வேலிக்கு ஒரு பழக்கம் உண்டு: போட்ட காரணம் தீர்ந்த பின்னும் அது நின்றுகொண்டிருக்கும்.

திடலின் கடலோர நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நன்மைக்காக அதைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாக அவர் அங்கே ஒரு கல்லில் பொறித்து வைத்தார். அவர் மனத்தில் இருந்தவர்கள் குதிரை வண்டியில் காற்று வாங்க வந்த சீமாட்டிகள் என்றே நான் எண்ணுகிறேன். இருக்கட்டும், கல்லில் உள்ள வார்த்தை நம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது.

பின் வந்தோர் எல்லோரும் அந்தக் கல்லை வாசித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபை இத்திடலை ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க உடன்படிக்கை செய்தது. சுற்றாடல் அமைப்பு ஒன்று விபரம் கேட்டபோது கொடுக்க மறுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. அந்த உடன்படிக்கைக்குச் சட்டவலு இல்லை என்றும், பொதுக் காரியத்தைப் பற்றி அறியும் உரிமை பேச்சுச் சுதந்திரத்தில் அடங்கும் என்றும் 2005 நவம்பரில் தீர்ப்பாயிற்று. வேலியை எடைபோட நமக்கு ஓர் அளவுகோல் இதில் கிடைக்கிறது. எதற்காக, எதுவரை என்று கேட்டால் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். புல்லுக்காகப் போட்டவருக்கு அது கடினமான கேள்வியே அல்ல.

மறுபக்கமும் உண்டு. மிதிப்பது எப்பொழுதும் குற்றமா? 1956 ஜூன் 5ஆம் திகதி, உத்தியோக மொழி மசோதா பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இந்தப் புல்லில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள், அடித்து விரட்டப்பட்டார்கள். 66 ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரல் 9இல் தொடங்கிய போராட்டத்தின்போது மாதக்கணக்காகக் கூடாரங்கள் அதே திடலில் நின்றன. அவ்வாண்டு மே 18இல் முள்ளிவாய்க்காலில் இறந்தோரை அங்கே நினைவுகூர்ந்து கஞ்சி பகிர்ந்தார்கள். சிங்களச் சகோதரரும் கூட நின்றார்கள். புல் அழிந்தது மெய்தான். அந்தக் கஞ்சிக்கும் அந்தப் புல்லுக்கும் நடுவே தெரிந்தெடுக்கச் சொன்னால் நான் ஒரு நொடியும் தயங்கமாட்டேன். விதை மறுபடி வாங்கலாம். 1956இல் அந்த இடத்தில் அடிபட்டவர்களின் மக்கள் பேரர்களுக்கு அன்று கிடைத்தது எந்தக் கடையில் கிடைக்கும்?

இதனால் மிதித்தவருக்குக் கடமை ஒன்றும் இல்லை என்று ஆகாது. திடல் எல்லோருக்கும் உரியது என்று உரத்துச் சொன்னவர், அது மீண்டும் முளைக்கும் நாட்களில் சுற்றிப் போகவும் பொறுமை காட்ட வேண்டும். இந்தப் பொறுமையை நம்மில் பலர் பழகவில்லை. கயிற்றைத் தூக்கிப் பிடித்துப் பிள்ளையைக் குனிந்து போகச் சொல்லும் தகப்பன்மாரை நீங்களும் கண்டிருப்பீர்கள். அதே வேளை, புல்லைக் காக்கும் சாக்கில் மனிதரை விலக்குகிறவர்களும் இருக்கக்கூடும். அப்படிப்பட்டவரிடம் திகதி கேட்டால் சொல்லமாட்டார்.

அடுத்த முறை எங்கேனும் அப்படி ஒரு கயிற்றைக் கண்டால், ஏன் என்று பிள்ளைக்கு விளக்கிச் சுற்றி அழைத்துப் போங்கள். எத்தனை நாளைக்கு என்று பிள்ளை நிச்சயம் கேட்கும். புல்லை இரண்டு மூன்று முறை வெட்டும்வரை என்று சொல்லுங்கள். அதன்பின் ஓரத்தில் குந்தியிருந்து ஒரு பிடி புல்லை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். வேர் விடாமல் பிடித்துக்கொண்டால், அங்குள்ள காவலாளியிடம் கயிறு எப்பொழுது அவிழும் என்று மரியாதையாகக் கேளுங்கள்.