பட்டாளத்தாரின் பதினாறாம் நாள்

ஊரில் ஒரு பட்டாளத்தார் காலமானால் ஐஸ் பெட்டி வந்து இறங்குவதற்குள் பிளக்ஸுக்குப் படம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டார் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் நாற்பது வருஷத்துக்கு முந்தைய சீருடைப் படம். அறுபத்தைந்து வயதில் சர்க்கரை நோயில் கால் ஆறாமல் இறந்த மனிதர், தெருமுனையில் இருபத்தாறு வயது இளைஞனாக மீசை முறுக்கி நிற்பார். சுற்றுப்பட்டிலிருந்து முன்னாள் படைவீரர்கள் நாலைந்து பேர் வருவார்கள். வெள்ளைச் சட்டையில் பதக்கம், தலையில் சாயம் போன பெரே தொப்பி. மலர்வளையத்தை வைத்துவிட்டு ஓரடி பின்வாங்கி, முட்டிவலியை மறந்து விறைத்து நின்று சல்யூட் அடிப்பார்கள். அந்தச் சில நொடிகளுக்குப் பறையடிப்பவர்களும் கையை நிறுத்திவிடுவார்கள். யாரும் அவர்களிடம் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களுக்கு இது பழகிய காட்சி. மற்ற ஊர்களிலும் இப்போது பரவலாகி வருகிறது. அதில் தவறு காண எதுவும் இல்லை. சிக்கல் பதினாறாம் நாள் படத்திறப்பில் தொடங்குகிறது. அன்றைக்கு யாராவது எழுந்து இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்கள்: எந்த ஆண்டு சேர்ந்தார், எந்த ரெஜிமென்ட், வெலிங்டனில் பயிற்சி, பிறகு காஷ்மீர், அஸ்ஸாம், ராஜஸ்தான். சியாச்சின் வந்தால் குரல் உயரும். கார்கில் வந்தால் துக்க வீடு என்பதையும் மறந்து கைதட்டல் எழும். ஆனால் 1987க்கும் 1990க்கும் நடுவே சிலருக்கு ஒரு வரி இருக்கும். அந்த இடம் வந்ததும் சொல்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்த வரி யாழ்ப்பாணம்.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பேரில் இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனது. அமைதி காக்கப் போன படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கிவிட்டது. கடைசி அணி 1990 மார்ச்சில் திரிகோணமலையை விட்டுக் கிளம்பும்போது 1,100க்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் இறந்திருந்தார்கள். அங்குள்ள மக்கள் இழந்தது அதைவிடப் பெரிது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் புகுந்த படையினர் சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என்று 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதை நினைவில் வைத்திருக்கும் மனிதர்கள் கடலுக்கு அப்பால் மட்டும் இல்லை. மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் இன்னும் பல ஊர்களிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. பட்டாளத்தார் வீட்டுப் பந்தலுக்கும் முகாமுக்கும் நடுவே இரண்டு பஸ் நிறுத்தம்தான் என்று இருக்கலாம்.

அந்தப் போருக்குப் போய்வந்த ஒரு சிப்பாய்க்கு, தமிழ் ஊர் ஒன்று திரண்டு நின்று மரியாதை செய்வது சரிதானா? செய்தால், எதற்கான மரியாதை அது?

உத்தரவு வந்தது, போனார், அவர் என்ன செய்வார் என்பது உடனே வாயில் வரும் பதில். இரக்கத்தில் பிறந்த பதில்தான். ஆனாலும் அது போதாது. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார் என்பதே எல்லாவற்றுக்கும் விடை என்றால், ஆஸ்பத்திரி வராந்தாவில் சுட்டவருக்கும், சோதனைச் சாவடியில் ஒரு கிழவிக்குத் தன் தண்ணீர்க் குப்பியை நீட்டியவருக்கும் வித்தியாசமே இல்லாமல் போகும். துப்பாக்கி பிடித்தவனுக்கு மனசாட்சி கிடையாது என்று சொல்லிவிட்டு அவனுக்கே மாலை போடுவது மரியாதை ஆகாது. அந்தப் பதில் அவரை மனிதரிலிருந்து கருவியாக இறக்கிவிடுகிறது.

சிப்பாய்க்கு ஊர் பட்ட கடன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நாடு, சரியோ தவறோ, ஒரு முடிவு எடுக்கிறது. அந்த முடிவின் பாரத்தை உடம்பில் சுமக்கப் போகிறவர் அதை எடுக்கும் அறையில் இருப்பதில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேரும்போது எந்தப் போர் வரும், யாரோடு வரும் என்று அவருக்குத் தெரியாது. எதுவானாலும் போகிறேன் என்று கையெழுத்துப் போடுகிறார். மற்றவர்கள் ஊரில் இருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்தது அந்தக் கையெழுத்தின் பின்னால்தான். மரியாதை அந்தக் கையெழுத்துக்கு. அதைப் போட்டவரை அனுப்பிய இடம் தவறு என்றால் அந்தத் தவறில் அனுப்பியவர்களுக்கும், அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கும், சும்மா இருந்தவர்களுக்கும் பங்கு உண்டு. முழுப் பழியையும் சிப்பாய் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் கை கழுவிக்கொள்வது நியாயம் இல்லை. அதேசமயம் போய்வந்தவர்கள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று பொதுவாக வெள்ளையடிப்பதும் ஆகாது. குற்றம் செய்தவர் செய்தவர்தான். கூட்டாகத் தரும் மரியாதை தனி ஆள் செய்த கொலையைக் கழுவாது.

1990இல் இந்த வித்தியாசம் பார்க்கப்படவில்லை. படை சென்னை வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணத்தில் உண்மை இருந்தது. அப்படி ஒரு மறுப்பை யாராவது பதிவு செய்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அது டெல்லிக்குப் போக வேண்டிய செய்தி. போய்ச் சேர்ந்தது கப்பலிலிருந்து டிரங்குப் பெட்டியோடு இறங்கிய நாயக்குகளிடமும் ஹவில்தார்களிடமும். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1987 நவம்பர் 25 அன்று இறந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் தமிழர்தான். அவர் பெயரில் சென்னை ஆற்காடு சாலையில் ஒரு ராணுவக் குடியிருப்பு இருக்கிறது. பதக்கம் வாங்காமல் உயிரோடு திரும்பியவர்களுக்குக் கிடைத்தது, அந்த ஆண்டுகளைப் பற்றி வீட்டிலும் பேசாமல் இருக்கும் பழக்கம். கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் அந்தப் படைக்கு 2008இலேயே நினைவுச்சின்னம் எழுந்துவிட்டது. டெல்லியில் தேசியப் போர் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டதே 2019 பிப்ரவரி 25இல்தான்.

இந்த மௌனத்துக்குத் தமிழ் மரபில் முன்மாதிரி தேடினால் கிடைக்காது, கிடைப்பது நேரெதிர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் ஒன்று தமிழ்ப் பிராமியில் ஒரு மனிதனின் பெயரையும் ஊரையும் சொல்லி, அவன் ஆகோளில் இறந்தான் என்கிறது. ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். ஒரு பக்கம் நின்று பார்த்தால் வீரம். மாட்டைப் பறிகொடுத்தவன் பக்கம் நின்று பார்த்தால் திருட்டு. மாட்டைக் கவர்ந்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. தொல்காப்பியம் கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு துறை சொல்கிறது. கல்லைத் தேர்வதற்கும் நீராட்டுவதற்கும் முறை இருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல ஒரு துறை இல்லை.

இதை அப்படியே இன்றைக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கல் காலப்போக்கில் சாமியாகிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் பல நடுகற்கள் இன்று வேடியப்பன். சாமியிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. நூற்றாண்டுகள் கடந்தபின் அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் பறிகொடுத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போது சிப்பாயைச் சாமியாக்கினால், அவர்கள் வாயை அடைப்பதாக ஆகும். நடுகல்லிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது அதன் சிக்கனம்: இன்னார், இன்ன ஊர், இங்கே இறந்தார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

அந்தச் சிக்கனத்தை நம் காலத்தில் கடைப்பிடித்துக் காட்டியது இங்கிலாந்தில் வில்ட்ஷர் பகுதியிலுள்ள வூட்டன் பாசெட் என்ற சின்னக் கடைவீதி ஊர். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்தவர்களின் உடல்கள் 2007 முதல் பக்கத்திலிருந்த லைனம் விமானத்தளத்தில் வந்து இறங்கின. சவ வண்டிகள் அந்த ஊரின் பெரிய தெரு வழியாகப் போயின. முதலில் நின்றவர்கள் முன்னாள் படைவீரர்கள் சிலர். பிறகு கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். பிறகு ஊரே நின்றது. தேவாலய மணி அடிக்கும், வண்டி நிற்கும், குடும்பத்தார் பூவை வைப்பார்கள், வண்டி நகரும். பேச்சு இல்லை, மேடை இல்லை. 2011 வரை 167 முறை, 345 பேருக்காக. ஈராக் போரை பிரிட்டனில் லட்சக்கணக்கானவர்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கியிருந்தார்கள். அந்த நடைபாதையில் நின்றவர்களிலும் இரு தரப்பும் இருந்திருக்கும். யார் எந்தத் தரப்பு என்று முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. வற்புறுத்தல் இல்லாமல் தானாக எழுந்ததால்தான் அந்த மரியாதைக்கு அவ்வளவு கனம் வந்தது.

இங்கேயோ மரியாதை பெரும்பாலும் சாவின் வகையைப் பார்த்துத்தான் வருகிறது. களத்தில் இறந்தால் உடல் விமானத்தில் வரும், மூவர்ணக் கொடி போர்த்தப்படும், துப்பாக்கிகள் தலைகீழாகத் திரும்பும், பியூகிள் ஒலிக்கும், கொடி மடித்து மனைவி கையிலோ தாய் கையிலோ கொடுக்கப்படும். அமைச்சர்கள் வருவார்கள். அதே களத்தில் அதே குளிரில் நின்று உயிரோடு திரும்பி, முப்பத்தெட்டு வயதில் ஓய்வுபெற்று, ஏடிஎம் வாசலில் இருபது வருஷம் காவலுக்கு உட்கார்ந்து இறந்தவருக்கு இவை எதுவும் வழக்கமாக வருவதில்லை. கொடிச் சட்டப்படி அரசு, ராணுவ, துணை ராணுவ இறுதிச்சடங்கு தவிர வேறு சாவில் தேசியக் கொடியைப் போர்த்தவும் கூடாது. விதி விதிதான்; கொடிக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டியதும்கூட. ஆனால் தோட்டா தன்மேல் படாமல் போனது அவர் செய்த குறை இல்லையே. அரசு விட்ட இந்த இடத்தைத்தான் ஊர் நிரப்ப முடியும். 2013 நவம்பர் 11 அன்று இங்கிலாந்தின் லிதம் செயின்ட் ஆன்ஸில் ஹெரால்ட் பெர்சிவல் என்ற 99 வயது முன்னாள் விமானப்படை ஊழியரின் அடக்கம் நடந்தது. நெருங்கிய உறவு இல்லாதவர். உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு சிறு அறிவிப்பைப் பார்த்து முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் வந்து மழையில் நின்றார்கள். அவர் எத்தனை பேரைச் சுட்டார் என்று கேட்டுக்கொண்டு யாரும் வரவில்லை. அவர் தரைப் பணியாளர்.

ஊர் செய்யும் மரியாதைக்கும் சோதனை உண்டு. பிளக்ஸில் இறந்தவர் முகத்தைவிட அஞ்சலி செலுத்துபவர்கள் முகம் பெரிதாக இருந்தால் அந்த மரியாதை யாருக்கு என்பது தெரிந்துபோகிறது. இன்னொன்று அதைவிடக் கசப்பானது. ஒரே பாரக்கில் படுத்து, ஒரே லங்கரில் சாப்பிட்டு, ஒரே பதுங்குகுழியில் இருந்தவர்களில் இரண்டு பேர் ஓய்வுபெற்று ஒரே ஊருக்குத் திரும்புகிறார்கள். அந்த ஊரில் சுடுகாடு இரண்டு. ஒருவரது ஊர்வலம் பெரிய தெரு வழியாகப் போகும். மற்றவரது ஊர்வலம் போகாது. பெரிய தெருவைத் திறந்துவிடாத ஊர் வைக்கும் மலர்வளையத்தை எதில் சேர்ப்பது?

உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியதும் இருக்கிறது. ராணுவத் தலைமைத் தளபதி கரியப்பா ஓய்வுபெற்ற 1953 ஜனவரி 14ஐ நினைவில் வைத்து, முன்னாள் படைவீரர் நாள் அந்தத் தேதியில் கொண்டாடப்படுகிறது. தமிழ்நாட்டில் அது போகியாகவோ பொங்கலாகவோ இருக்கும். பானை பொங்கும் வேளையில் விழாவுக்கு யார் வருவார்கள்? டிசம்பர் 7 கொடிநாளோ அலுவலகங்களில் வசூல் ரசீதோடு முடிந்துவிடுகிறது. காணும் பொங்கல் அன்று வெளியூர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஊரில்தான் இருப்பார்கள். அன்றைக்கு ஊர் மந்தையில் ஒரு பட்டாளத்தாரை உட்காரவைத்து, அவர் சொல்வதைக் கேட்கலாம். யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்கலாம். முதல் வருஷம் அவர் பேசமாட்டார். பக்கத்து முகாமிலிருந்து ஒரு பெரியவரும் வந்து உட்கார்ந்தால், இரண்டு பேருமே வெகுநேரம் பேசாமல் இருக்கலாம். சமாதானம் ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்தால் மறுக்கட்டும். மறுப்பைத் தாங்க முடியாத விழா, அந்தச் சிப்பாய்க்கும் பயன்படாது. அவர் நாற்பது வருஷமாகத் தூக்கத்தில் விழித்துக்கொள்வது எதனால் என்பதை அது கேட்காமலே கலைந்துவிடும்.

அதற்கெல்லாம் வாய்ப்பில்லாமல் ஒருவர் போய்விட்டால், மிச்சம் இருப்பது பதினாறாம் நாள்தான். படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிகிறது. மகள்வழிப் பேரன் டிஸ்சார்ஜ் புத்தகத்தை விரித்து வாசிக்கிறான். வெலிங்டன். ஜோத்பூர். அடுத்த வரியில் விரல் நிற்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரே தொப்பிக்காரர் தலையைக் குனிந்துகொள்கிறார். பையன் அவரைப் பார்க்கிறான், பிறகு புத்தகத்தைப் பார்க்கிறான், யாழ்ப்பாணம் என்று வாசிக்கிறான், ஆண்டையும் வாசிக்கிறான்.