விலங்கின்மேல் ஏற்றிய பழி

மனிதனை மனிதனுக்கு ஓநாயாகக் காணும் கருத்து மேலைநாட்டுச் சிந்தனையில் நெடுங்காலமாக வழங்கி வருவதாகும். றோம நாடகாசிரியர் புளோற்றஸ் காலந்தொட்டு நிலவிய இதனை, 1642இல் வெளிவந்த தமது அரசியல் நூலில் தோமஸ் ஹொப்ஸ் எடுத்தாண்டமையால் அது பெரும் புகழ்பெற்றது. ஓநாய் வாழாத இலங்கையில் அதன் இடத்தை நரி பெற்றது. வஞ்சகத்துக்கு நரி, மூர்க்கத்துக்கு யானை, கொடுமைக்குப் பொதுவாக மிருகம் என மக்கள் வழக்கு வகுத்துக்கொண்டது. இவ்வழக்கு அறத்துக்கு ஏற்புடையதா என்பது ஆராயத்தக்கது.

விலங்கைக் குறியீடாக்கும்போது மனிதன் தன் உள்ளத்தையே அதன்மேல் ஏற்றுகிறான். நரிக்கொம்பை வைத்திருப்பவன் வழக்கில் தோற்கான் என்னும் நம்பிக்கை சிங்களவரிடையே நிலவியதை, 1861இல் வெளியான தமது நூலில் எமேர்சன் ரெனன்ற் பதிவுசெய்துள்ளார். வெல்லும் ஆசை மனிதனுடையது. நரிக்கு வழக்குமில்லை, மன்றமுமில்லை. அவ்வாறே, சிங்கக்கொடியும் புலிக்கொடியும் எதிரெதிர் நின்ற இத்தீவின் காடுகளில் சிங்கமுமில்லை, வரிப்புலியுமில்லை. வீரத்தைக் கடன்கொள்வதற்கு விலங்கு அருகில் இருக்கவேண்டியதில்லைப் போலும்!

வன்னி நாட்டார் வழக்கு இவ்விடயத்தில் நுண்ணிய தெளிவுடையது. வேலப்பணிக்கன் ஒப்பாரியின் கதைத்தலைவி அரியாத்தை, ஆடவர் அஞ்சிய மதயானையை அடக்கியவள். அவளைக் கொன்றது யானையன்று. அவள் புகழ் பொறாத மனிதர் ஊட்டிய நஞ்சே. மதங்கொண்ட விலங்கும் அடங்கிற்று. மனிதனின் பொறாமை அடங்கவில்லை.

2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்ததை இவ்வொப்பாரியின் துணைகொண்டு நோக்குதல் தகும். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் மக்கள் நெருக்குண்டனர். பாதுகாப்பு வலயம் என அறிவிக்கப்பட்ட இடங்களில் எறிகணைகள் வீழ்ந்தன. வெளியேற முயன்றோர்மீதும் துப்பாக்கிகள் திரும்பின. போரின் இறுதிக் கட்டத்தில் இறந்த குடிமக்கள் 40,000 வரை இருக்கலாம் என 2011இல் ஐ.நா. நிபுணர் குழு குறிப்பிட்டது. இதனை 'மிருகத்தனம்' என்று கூறி அமைதல் எளிது. ஆனால் எந்தச் சிறுத்தை வரைபடத்தில் வலயம் குறித்தது? எந்த யானை கட்டளை பிறப்பித்தது?

'மிருகத்தனம்' வெறும் உருவகமே, அதனால் தீங்கென்ன என்று சிலர் வினவக்கூடும். தீங்கு உண்டு. விலங்கை எவரும் நீதிமன்றில் நிறுத்துவதில்லை. செய்தவனை விலங்கென்று அழைத்தவுடன், அவன் எண்ணியும் தெரிந்தும் செய்தான் என்ற உண்மை மறைகிறது. வசைபோலத் தோன்றும் சொல் விடுதலைப் பத்திரமாகிவிடுகிறது.

பிற்காலக் கலையும் சடங்கும் இதனை உணர்ந்தன எனலாம். தஞ்சாவூரை அடுத்த விளாரில் 2013இல் திறக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் முற்றத்தின் கற்சிற்பங்கள் துன்புறும் மனிதரையே காட்டுகின்றன. வன்னி மக்களோ ஆண்டுதோறும் மே மாதத்தில் அரிசியும் நீரும் உப்பும் இட்ட கஞ்சியைப் பகிர்ந்து நினைவுகூர்கின்றனர். அக்கஞ்சியில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. பசித்த மனிதன் இருக்கிறான், அவனுக்கு ஊற்றிக்கொடுத்த மனிதனும் இருக்கிறான். பழியும் பரிவும் மனிதனுக்கே உரியவை. விலங்கு அவ்விரண்டின் சுமையினின்றும் விடுபடட்டும்.