சந்தோஷம் என்னும் கொடை

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் 'சந்தோஷம்' என்ற சொல்லுக்கு மகிழ்ச்சி என்பதற்கு மேலும் ஒரு பொருள் உண்டு. தாயையும் சேயையும் பார்த்துச் செல்லும் மருத்துவிச்சிக்கும், மனு எழுதிக் கொடுப்பவருக்கும், காரியம் முடித்துத் தரும் எழுதுவினைஞருக்கும் வெற்றிலை பாக்குடன் மடித்து வைக்கப்படும் சிறு தொகையே அது. அதனைக் கூலி எனல் பொருந்தாது. கூலிக்குப் பேரம் உண்டு, குறைந்தால் வழக்கும் உண்டு. இலஞ்சம் என்றும் உடனே கூறிவிட இயலாது; பணி முடிந்த பின்னரன்றோ அது கொடுக்கப்படுகின்றது! ஆயினும் இவ்விரண்டிற்கும் நடுவே அது நிலைத்து நிற்கக்கூடியதா என்பதே வினா.

உரோமர் இச்சிக்கலை முன்னரே எதிர்கொண்டனர். வழக்குரைப்போர் அன்பளிப்புப் பெறுவதை கி.மு. 204 இல் சின்சியச் சட்டம் தடுத்தது. தடை பயன்தரவில்லை. கி.பி. 47 இல் பேரரசர் குளோடியசு 10,000 செசுத்தர்சு என உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. வரம்பு விதிக்கப்பட்ட அன்றே நன்றி விலையாகிவிட்டது எனலாம்.

பதுளை, பசறை, லுணுகலைப் பகுதி லயங்களில் இக்கொடைக்கு வேறொரு கனமும் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி முற்பணக் கடனுடனேயே தோட்டத்துள் நுழைந்தான். அக்கடன் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதப்பட்டு, அவனோடு தோட்டந்தோட்டமாகச் சென்றது. 1921 இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கடனாளியாகவே எண்ணப்பட்ட ஒருவன், கொடுப்பவனாக நிமிர்ந்து நிற்கும் அரிய தருணம் அந்த வெற்றிலைத் தட்டை நீட்டும் தருணமே. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், தட்டில் வைத்த 500 ரூபா அரைநாள் உழைப்பாகவே இருந்தது. அதனை 'வேண்டாம்' என்று முகத்திலடித்தாற்போல் மறுப்பவர் தம் நேர்மையைக் காத்துக்கொள்கின்றார். எதிரே நிற்பவரின் மதிப்பைக் காக்கவில்லை.

ஆனால் சொல்லின் இனிமையில் மயங்கிவிடலாகாது. 'பணி முடிந்த பின்னர்' என்னும் வேறுபாடு தோட்டத்தில் தளர்ந்துவிடுகின்றது. அங்கு எப்பணியும் முற்றாக முடிவதில்லை. இன்று கையொப்பமிட்ட அதே எழுதுவினைஞரிடம் நாளையும் செல்ல வேண்டும். வேறு அலுவலகமில்லை, வேறு மருத்துவிச்சியில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 1949 இன் சட்டத்தின் கீழும் 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழும் விண்ணப்பப் படிவங்களையே வாழ்வாக நம்பி நின்ற மக்களுக்கு, ஒரு தாளை நிரப்பத் தெரிந்தவர் எத்துணைப் பெரியவராகத் தோன்றியிருப்பார்! அங்கு நேற்றைய நன்றியும் நாளைய அச்சமும் ஒரே தட்டில் வைக்கப்படும். எது எவ்வளவு என்று கொடுப்பவரே அறியார்.

சட்டம் இதனைப் பெறுபவரின் பக்கமிருந்தே நோக்குகின்றது. 1954 இன் இலஞ்சச் சட்டம் அரச ஊழியரைக் கட்டுப்படுத்தியது. 2023 இன் ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார்துறையையும் உட்படுத்திற்று. அறநோக்கிலும் பொறுப்பு பெறுபவருடையதே. மறுத்தால் தனக்கு ஏதும் நேராது என்ற உறுதி கொடுப்பவரிடம் இல்லை; பெறுபவரிடம் உண்டு. தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, காசைக் குழந்தையின் கையிலேயே வைத்துவிடுவது மருத்துவிச்சிக்கு அரிதன்று. அடுத்த காம்பராவில் தட்டு வைக்க வழியற்றவள் அழைக்கும்போதும் அவள் அதே விரைவுடன் வருகின்றாளா என்பதை லயம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.