யாருடைய கப்பல்?

கல்முனைக் கரையில் வள்ளம் திருத்துபவரைச் சுற்றி நாலுபேர் கூடுவது வழக்கம். என்ன உடைந்தது, எவ்வளவு செலவு என்று கேட்பார்கள். கேட்பதில் பிழையில்லை.

2021இல் இத்தாலியின் மரினா டி கராரா நகரிலுள்ள கப்பல் பட்டறைக்கு, 140 மீற்றர் நீளமான ‘ஷெஹரசாட்’ என்ற உல்லாசக் கப்பல் திருத்த வேலைக்கு வந்தது. ‘யாருடையது?’ என்று கேட்டனர் ஊரார். தெளிவான பதில் இல்லை. 2022 மே 6ஆம் திகதி, உரிமையாளருக்கு ரஷ்ய அரசின் முக்கியஸ்தர்களோடு தொடர்புண்டு எனக் கூறி இத்தாலிய அரசு அதை முடக்கியது.

இச்செய்தியைப் படித்தபோது நான் முதலில் தேடியது அக்கப்பலின் அறைகள் பற்றிய வர்ணனையையே. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பிறர் செல்வத்தை எட்டிப் பார்ப்பது பாவமா? புனித தோமா அக்குவினாஸ், அறிய முயலும் நற்பண்பு வேறு, வீண் ஆவல் வேறு என்று பிரித்துக் காட்டினார். ‘எனக்கு இல்லையே’ என்று ஏங்கும் கண் வீணானது. ‘இது யாருடைய உழைப்பால் வந்தது?’ என்று கேட்கும் கண் நீதியின் கண்.

அந்தக் கண் நமக்கு இங்கேயே தேவை. 2013இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னர் அதன் வாயிலை மணல் அடைத்தது. மீன்பிடிப் படகுகள் தடைப்பட்டன. அயலில் கடல் கரையை அரித்தது. நம் இஸ்லாமியச் சகோதரர்கள் காணியும் தென்னையும் இழந்தனர். பெரியதை வேடிக்கை பார்ப்பது எளிது. ‘இது யாருக்காக? நட்டத்தைச் சுமப்பவர் யார்?’ என்று, இழந்தவர் அயலவராயினும், அவரோடு நின்று கேட்பதே அன்பு.

‘யாருடைய கப்பல்?’ என்று பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். அடுத்த கேள்வியையும் கேட்கப் பழக்குங்கள்.