ஐந்து உடல், ஒரு விரல்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு மேக்ரோவுக்கு, அதாவது ஒரு பொத்தானில் எழுதி வைக்கும் கட்டளைகளுக்கு, 255 எழுத்துதான் இடம். நினைப்பதையெல்லாம் அதற்குள் அடக்கியாக வேண்டும். நான் ஷாமன் என்ற மந்திரவாதிப் பாத்திரங்கள் ஐந்தை ஒரே நேரத்தில் நடத்துகிறவன். ஐந்து கணக்கு, ஐந்து ஜன்னல், ஒரு கீபோர்டு. ஒருவன் தலைவன். மற்ற நால்வருடைய மேக்ரோவிலும் முதல் வரி ‘அசிஸ்ட்’, பக்கத்தில் தலைவனின் பெயர்: அவன் யாரைக் குறி வைத்திருக்கிறானோ அவனையே நீயும் குறி வை. இரண்டாம் வரியில் மந்திரம். இன்னொரு பொத்தானில் ‘ஃபாலோ’: அவன் பின்னால் நட.

கொஞ்சம் கை தேறியவர்கள் ‘காஸ்ட் சீக்வென்ஸ்’ எழுதுவார்கள். முதல் அழுத்தலுக்கு ஃப்ளேம் ஷாக், அடுத்ததற்கு லாவா பர்ஸ்ட், பிறகு லைட்னிங் போல்ட் என்று வரிசை ஓடும். ஆனால் மந்திரம் கிளம்பினால்தான் வரிசை நகரும். நால்வரில் ஒருவன் மரத்தில் முட்டிக்கொண்டு எட்டாத தூரத்தில் நின்றுவிட்டால், மற்றவர்கள் மூன்றாம் படியில் இருக்கும்போது அவன் முதல் படியிலேயே இருப்பான். அதனால்தான் ‘ரீசெட்’ என்று ஒரு நிபந்தனை சேர்க்கிறோம்: குறி மாறினால் எல்லோரும் முதலிலிருந்து.

மாமனார் ஓய்வுபெற்ற சமஸ்கிருத ஆசிரியர். ஊரிலிருந்து வந்தால் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். “அஞ்சு பேரையும் நீங்க ஒருத்தரேவா ஆட்டறீங்க, மாப்பிள்ளை?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப இது கூடு விட்டுக் கூடு பாயறது இல்ல. திருமூலர் மூலன் உடம்புல புகுந்தப்போ தன் உடம்பை விட்டுட்டுத்தான் போனார். இது காயவியூகம்.”

காயவியூகம் என்றால் ஒரு யோகி ஒரே காலத்தில் பல உடல் எடுப்பது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், நான்காம் பாதத்தில் இதைப் பற்றி ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. பல உடல்களுக்கு வேண்டிய மனங்களை யோகி ‘நான்’ என்ற உணர்விலிருந்தே படைத்துக்கொள்கிறான். அவை வெவ்வேறு வேலையில் இருந்தாலும் ஏவுகிற மனம் ஒன்றே. பதஞ்சலி இரண்டு சூத்திரத்தில் முடித்துவிடுகிறார். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இரவு பதினோரு மணிக்கு மேல் நான் செய்கிற காரியத்துக்கு இவ்வளவு பழைய சாட்சியா என்று.

பெருமை நிலைக்கவில்லை. சௌபரி முனிவர் கதை குறுக்கே வந்தது. விஷ்ணு புராணம் சொல்வது இது: தண்ணீருக்குள் தவமிருந்தவர் மீன் ஒன்று குஞ்சுகுளுவானோடு குலவுவதைக் கண்டு இல்வாழ்க்கைக்கு ஆசைப்பட்டார், மாந்தாதா என்ற அரசனின் பெண்கள் ஐம்பது பேரையும் மணந்தார். ஒவ்வொருத்திக்கும் ஒரு மாளிகை. பார்க்கப் போன மாந்தாதாவிடம் முதல் மகள் சொன்னாள்: எல்லாம் சுகம்தான், ஒரே ஒரு வருத்தம், இவர் என்னை விட்டு நகர்வதேயில்லை, என் சகோதரிகள் என்ன பாடுபடுகிறார்களோ. அடுத்த மாளிகைக்குப் போனால் அவளும் அதையே சொன்னாள். ஐம்பது பேரும்.

என் நால்வரில் ஒருவனுக்கு வாய் இருந்தால் இதற்கு நேர்மாறாகத்தான் புகார் சொல்வான்: இந்த ஆள் என்னைத் திரும்பிப் பார்த்ததேயில்லை. சௌபரி ஒவ்வோர் உடலிலும் முழுதாக இருந்தார். நான் தலைவனிடம் மட்டும் இருக்கிறேன், மற்றவர்கள் அவன் வால். பதஞ்சலியின் யோகி படைப்பதும் மனங்களைத்தான், நால்வருக்கு நான் எழுதிக் கொடுத்தது இரண்டு வரி. அவர்களுக்கு நான் மனம் கொடுக்க நினைத்தாலும் விளையாட்டு விடாது. 2006 டிசம்பருக்கு முன்பு, யாருக்கு உதவி தேவை என்று பார்த்துத் தானே ஆளைத் தேர்ந்தெடுக்கும் துணை நிரல்கள் இருந்தன. ஒரே பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால் போதும். 2.0 பதிப்பில் அந்தக் கதவை அடைத்தார்கள். இப்போது மேக்ரோ சில கேள்விகளை மட்டும் கேட்கலாம்: எதிரில் இருப்பவன் நண்பனா பகைவனா, உயிரோடு இருக்கிறானா, ஷிஃப்ட் அழுத்தியிருக்கிறதா. எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்று கேட்கக் கூடாது. அதைக் கண்ணால் பார்த்து, காப்பாற்றுவதா வேண்டாமா என்று ஆள்தான் முடிவெடுக்க வேண்டும். விளையாட்டு நிறுவனம் ஒன்று விவேகத்துக்கு இவ்வளவு சுத்தமாக எல்லை போட்டது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

ஆக, நால்வர் செய்வதற்கும் பொறுப்பு முழுக்க என்னுடையது. ஒரு விசையை அமுக்கினால் ஐந்து ஜன்னலிலும் அது பதிவதற்கு மென்பொருள் இருந்தது. ஈவ் ஆன்லைன் என்ற இன்னொரு விளையாட்டு 2015 ஜனவரி முதல் தேதி முதலே அதைத் தடை செய்துவிட்டது. வார்கிராஃப்டை நடத்தும் ப்ளிஸ்ஸார்ட் அதே தடையை 2020 நவம்பரில் அறிவித்தது. பல கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஜன்னல் ஜன்னலாகப் போய் அமுக்கத்தான் வேண்டும். கூட்டாளிகள் கொதித்தார்கள். என் கட்சி, தடை சரி. திறந்த வெளியில் தனியாகப் போகிற ஒருவன்மேல் ஒரே கணத்தில் ஐந்து மின்னல் இறங்கினால், அவன் தோற்றது ஐந்து பேரிடமா ஒருவனிடமா என்று எனக்கே சொல்லத் தெரியாது.

மாமாவிடம் வேறொரு வழக்கை வைத்தேன். விரல் அமுக்குவது வெறும் சம்மதம், வினை இருப்பது மேக்ரோவை எழுதிய நேரத்தில்தான் என்றேன். ஃப்ளேம் ஷாக்குக்குப் பின் லாவா பர்ஸ்ட் என்று நிதானமாக உட்கார்ந்து தீர்மானித்தது அப்போதுதானே? அவர் சிரித்தார். “எழுதினதும் நீங்க, அமுக்கினதும் நீங்க. இதுல யாருக்கு யாரோட வழக்கு?”

பெரும்பாலானவர்கள் எழுதுவதில்லை, யாரோ எழுதியதை எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள், என்னுடையதிலும் பாதி அப்படித்தான் என்றேன். எழுதியவன் முகமே தெரியாது. அவன் வரிசைப்படி என் விரல் அமுக்க, என் நால்வர் அடிக்க, ஒருவன் விழுகிறான். யார் கணக்கில் எழுதுவது?

அவர் யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்துக்குப் போனார், 34ஆம் சூத்திரம். ஹிம்சை முதலானவை மூன்று வகை: தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, பிறர் செய்ததற்கு உடன்பட்டது. மூன்றுக்கும் பலன் முடிவில்லாத துக்கமும் அஞ்ஞானமும். குறைந்தது, நடுத்தரம், மிகுந்தது என்று அளவு சொல்கிற பதஞ்சலி, செய்வித்தவனுக்குச் சலுகை எதுவும் தரவில்லை. தலைவனைக் கொண்டு நான் செய்தேன், நால்வரைக் கொண்டு செய்வித்தேன், முகம் தெரியாதவன் எழுதியதற்கு உடன்பட்டேன்.

“விளையாட்டுதானே மாமா, செத்தவன் அரை நிமிஷத்துல எழுந்து வந்துடுவான்.”

“அப்ப குறைஞ்ச வகைன்னு வச்சுக்கலாம்,” என்றார்.