இன்று இன்னும் ஒரு டிகிரி!

எலும்புக் கட்டியை எடுத்தாயிற்று. காலும் தப்பியது. ஆனால் முழங்கால் மடங்க மறுக்கிறது. "இனி அவ்வளவுதான்" என்று மனம் சொல்கிறதா? நம்பாதீர்கள்!

நீங்கள் இருப்பது தாம்பரம். 1928ல் இங்கே காசநோய் சானடோரியம் எழுந்தபோது அந்த நோய்க்கு மாத்திரைகூடக் கிடையாது. அப்போதும் நம்பிக்கையோடு மருத்துவம் பார்த்த மண் இது!

முழங்காலருகே எலும்புப் புற்று வந்தால் காலையே எடுப்பதுதான் ஒரு காலத்து வழக்கம். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் 1977ல், 18 வயதில், அப்படித்தான் வலது காலை இழந்தார். 1980ல் செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். 1980களின் இறுதியில் நம் சென்னையில் மருத்துவர் மயில்வாகனன் நடராஜன், நோயாளியின் அளவுக்கே செய்த உலோக மூட்டைப் பொருத்திக் கால்களைக் காக்கத் தொடங்கினார். அந்தப் போராட்டத்தின் பலன் இன்று உங்கள் காலில் இருக்கிறது. மூட்டைப் பொருத்துவது மருத்துவர் வேலை. மடக்குவது உங்கள் வேலை!

காலை அசைக்காமல் கிடந்தால் தழும்பு இறுகும், தொடைத் தசை மெலியும். சமதளத்தில் நடக்க ஏறக்குறைய 60, 70 டிகிரி போதும். தாம்பரம் ஸ்டேஷன் படியேறவும் நாற்காலியிலிருந்து எழவும் 90ஐ ஒட்டி வேண்டும். எட்டக்கூடிய இலக்குதான் இது! சம்மணமிட முடியாமல் போகலாம். வேலைக்கும் கல்லூரிக்கும் போவதை அது தடுக்காது.

குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி உங்கள் பக்கம் இழுங்கள். தொடைத் தசையை இறுக்கி அப்படியே வைத்திருந்து தளர்த்துங்கள். பிசியோதெரபிஸ்ட் அளந்து சொல்லும் டிகிரியைக் காலண்டரில் எழுதுங்கள். முழங்காலுக்குக் கீழே அறுவை நடந்து தசைநாரைத் திரும்பத் தைத்திருந்தால், சில வாரங்கள் காலை நீட்டியே வைக்கச் சொல்வார்கள். அதற்குக் கட்டுப்படுங்கள், அந்தப் பொறுமையும் வீரம்தான். கீமோ நாட்களில் உடல் தளர்ந்தால் மருத்துவரைக் கேட்டுக் குறைத்துச் செய்யுங்கள், விட்டுவிடாதீர்கள். தசை இழுக்கும் வலிக்கு அஞ்ச வேண்டாம். காய்ச்சல், காயத்தில் கசிவு, கெண்டைக்காலில் திடீர் வீக்கம் என்றால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

சேலையூரோ, குரோம்பேட்டையோ, பெருங்களத்தூரோ, எந்த வீட்டுக் கட்டிலில் நீங்கள் கிடந்தாலும் உங்களுக்காக வேறொருவர் அந்தக் காலை மடக்க முடியாது. கண்ணீர் வந்தால் வரட்டும். பல்லைக் கடித்து மடக்குங்கள். இன்றைய அளவைக் குறியுங்கள். நாளை அதை முறியடியுங்கள்!