யாருடைய துக்கம்?

அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கினால் பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்தார். பிறரால் இகழப்படுவதும், உற்றாரையோ உடைமையையோ இழப்பதும், முன்பிருந்த நிலை கெட்டுத் தாழ்வதும், நுகர்பொருள் இன்றி வாடுவதுமே மனிதன் கண்ணீர் விடுவதற்குரிய நிலைக்களன்கள் என்பது உரையாசிரியர்கள் தந்த விளக்கம். இந்த நான்கில் ஒன்றேனும் தன்னை அன்று அணுகாத ஒருவன், வயிறார உண்டு, நல்ல உடை உடுத்து, நண்பர்களோடு ஒரு சிறு மண்டபத்தில் அமர்ந்து, நான்கு வாத்தியங்கள் கூடி எழுப்பும் நாதத்தைக் கேட்கும்போது, ஒரு சொல்லும் பாடப்படாமலே கண் கலங்கி நெஞ்சு விம்முகிறான் என்றால், அந்த அழுகையை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதனினும் வியப்பு, அப்படி அழுதவன் அந்த இசை மறுபடி எங்கே வாசிக்கப்படும் என்று விசாரித்துக்கொண்டு திரும்பி வருவதுதான்.

வாழ்க்கையில் துக்கம் வருகிறது என்றால் கதவை அடைத்துக்கொள்கிற மனிதர், இசையில் அது வருகிறது என்றால் விலை கொடுத்து வாங்கி அனுபவிப்பது ஏன் என்ற கேள்வியைப் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வியாகத் தள்ளிவிட முடியாது. துக்கத்தின் இயல்பு என்ன, அது யாரைச் சேர்ந்தது, அதிலிருந்து விடுபடுவது என்றால் என்ன என்று சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வியின் கிளையே அது. அதை ஆராய்வதற்கு, 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ரொமாண்டிக் இயக்கம் ஓங்கியிருந்த நாளில் எழுதப்பட்ட ஸ்ட்ரிங் குவார்டெட்டுகளைவிடத் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. பாட்டுக்குச் சாகித்தியம் உண்டு. நாடகத்துக்குக் கதை உண்டு. அங்கெல்லாம் கண்ணீருக்குக் காரணம் காட்டிவிடலாம். குவார்டெட்டுக்கோ நாதத்தைத் தவிர வேறு உடைமை இல்லை.

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்பதே அதன் அமைப்பு. வயலினை நம்மவர் நன்கறிவர். வயோலா அதைவிடச் சற்றுப் பெரிய உடலும் தாழ்ந்த குரலும் உடையது. செல்லோ அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது, வாசிப்பவர் நாற்காலியில் அமர்ந்து முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிப்பது. நான்கும் ஒரே குடும்பத்து வாத்தியங்களாதலால் ஒன்றின் குரல் மற்றொன்றின் குரலோடு எளிதில் கலந்துவிடும். முரசும் எக்காளமும் நிறைந்த பெரிய வாத்தியக் கூட்டத்தைப் போல் ஒரு பிழையை மறைத்துக்கொள்ள இங்கே இடமில்லை. கோல் பிடித்து நடத்தும் தலைவரும் இல்லை; ஒருவர் மூச்சிழுப்பதையும் வில் எடுப்பதையும் மற்ற மூவரும் கவனித்தே தொடங்க வேண்டும். 1829-ல் ஜெர்மன் கவிஞர் கதே தம் நண்பர் ஸெல்டருக்கு எழுதிய கடிதத்தில், அறிவுள்ள நால்வர் தமக்குள் உரையாடுவதைக் கேட்பதாகவே இந்த இசையை வருணித்தார். சபைகளுக்கு வருமுன்னர் அது வீடுகளில் வளர்ந்த கலை. இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் தந்தை, வியன்னாவில் பள்ளி ஆசிரியராயிருந்தவர், செல்லோ வாசிக்க, மூத்த சகோதரர் இருவர் வயலின் வாசிக்க, இளையவரான பிரான்ஸ் ஷூபர்ட் வயோலாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த குடும்ப குவார்டெட்டில்தான் அவருடைய ஆரம்பப் படைப்புகள் ஒலித்தன.

அந்த ஷூபர்ட், அக்காலத்தில் தீர்வு காண முடியாத நோய் ஒன்றுக்கு ஆளாகி, 1823-ல் மருத்துவமனையில் கிடந்து மீண்டு, 27 வயது நிரம்பியிருந்த 1824 மார்ச்சு மாதத்தில், தம் நண்பரான ஓவியர் குப்பெல்வீசருக்கு எழுதிய கடிதத்தில், உலகில் தம்மைப் போல் துர்ப்பாக்கியசாலி வேறு ஒருவர் இல்லை என்று கூறிக்கொண்டார். அதே மாதத்தில் உருவானதுதான் ‘மரணமும் கன்னியும்’ என்று பெயர் பெற்ற டி மைனர் குவார்டெட். பெயர் வந்தது அவரே 1817-ல், மத்தியாஸ் கிளாடியஸ் எழுதிய கவிதைக்கு இசையமைத்த ஒரு சிறு பாட்டிலிருந்து. தன்னைத் தொடாமல் அகன்று போகும்படி ஓர் இளம்பெண் மரணத்தை வேண்டுகிறாள். தான் தண்டிக்க வந்தவன் அல்லன், நண்பன் என்று மரணம் அவளுக்கு மறுமொழி சொல்கிறது. குவார்டெட்டின் இரண்டாம் பகுதிக்கு அந்தப் பாட்டை ஆதாரமாக எடுத்துக்கொண்ட ஷூபர்ட், பெண் கெஞ்சும் இடத்தை முற்றிலும் விட்டுவிட்டு, மரணத்துக்குரிய இசையை மட்டுமே எடுத்துக்கொண்டார் என்பது நின்று கவனிக்க வேண்டிய செய்தி.

அந்த இரண்டாம் பகுதி நெடில் ஒன்றும் குறில் இரண்டுமாக அடியெடுத்து வைக்கும் நடையில், நான்கு வாத்தியங்களும் ஒருங்கே, மிகத் தணிந்த குரலில் தொடங்குகிறது. மேல் குரல் தான் நிற்கும் ஸ்வரத்தைவிட்டு அதிகம் அசைவதில்லை. அசைவில்லாத அந்த மெட்டைப் பின்னர் ஐந்து முறை வெவ்வேறு விதமாக விரித்து வாசிக்கிறார்கள். முதல் முறை, மற்றவர்கள் மெட்டின் அடிப்படையைத் தாங்கியிருக்க, முதல் வயலின் அதற்கு மேலே துண்டு துண்டான ஸ்வரங்களில் தத்தளிக்கிறது. இரண்டாம் முறை மெட்டு செல்லோவின் கைக்குப் போக, சற்றுமுன் தலைமை வகித்த வயலின் துணை வாசிக்கும் நிலைக்கு இறங்குகிறது. மூன்றாம் முறை அதே நெடிலும் குறில்களும் நெருங்கி, குதிரைக் குளம்படியின் வேகம் கொள்கின்றன. நான்காம் முறை மேஜர் சுருதியின் வெளிச்சம் பரவுகிறது. ஐந்தாம் முறை அடியிலிருந்து சிறுகச் சிறுக எழுந்து, தாங்க முடியாத ஓர் உச்சத்தை அடைந்து, திரும்பவும் தணிந்து அமைதியில் முடிகிறது. முடிந்தபின் கேட்பவன் உள்ளத்தில் பயம் இல்லை. ஆனால் பயப்படத் தேவையில்லை என்று யாரும் அவனுக்கு வாக்குறுதி தரவும் இல்லை. ஏனெனில் குவார்டெட் அங்கே நிற்காமல், இறுதிப் பகுதியில் மூச்சு முட்ட ஓடி, டி மைனரின் இருளிலேயே வெட்டென முடிகிறது.

இந்தத் துக்கம் யாருடையது? ஷூபர்ட்டினுடையது என்று சொல்லிவிடுவது எளிது. அவருடைய கடிதமே சாட்சிக்கு நிற்கிறது. ஆயினும் அதே மார்ச்சு மாதத் தொடக்கத்தில் அவர் எழுதி முடித்த ஆக்டெட் என்ற எண்வர் இசை, பெரும்பாலும் உல்லாசம் ததும்பும் படைப்பு. அதே உடல், அதே நோய், அதே வாரங்கள். ஒன்றில் களிப்பு, மற்றொன்றில் கலக்கம். கலைஞனுடைய மனநிலை அப்படியே குழாய் வழியே வருவதுபோல் படைப்பில் வந்து விழுகிறது என்ற கொள்கைக்கு இது இடம் கொடுப்பதில்லை. மேலும், நான்கு குரல்களை ஒன்றோடொன்று முட்டாமலும் ஒன்றை ஒன்று விழுங்காமலும் கோத்துச் செல்வதற்கு வேண்டிய தெளிவு, அழுதுகொண்டிருப்பவனிடத்தில் இராது. கிரௌஞ்சப் பட்சியின் பிரிவைக் கண்ட வால்மீகியின் சோகமே சுலோகமாயிற்று என்ற வரலாற்றுக்கு விளக்கம் எழுத வந்த காஷ்மீரத்து அபிநவகுப்தர், அதை முனிவரின் சொந்தச் சோகம் என்று கொள்ளலாகாது என்று வெளிப்படையாகவே மறுத்தார்; தாமே துயருற்றவர் துயரப்படுவாரேயன்றிக் காவியம் செய்யமாட்டார் என்பது அவர் கருத்தின் சாரம்.

இதற்கு எதிராக ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்ஸனை எடுத்துக் காட்டலாம். 1847 மே 14-ஆம் தேதி, அவருடைய தமக்கை பேன்னி, தாமும் ஒரு குவார்டெட் இயற்றியவர், பெர்லினில் தம் வீட்டுக் கச்சேரிக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து மாண்டார். அந்தக் கோடையில் ஸ்விட்ஸர்லாந்தின் இண்டர்லாக்கனில் தங்கியிருந்த தம்பி எழுதிய எப் மைனர் குவார்டெட்டில், அவருடைய பேர்பெற்ற நளினத்தையும் நாசூக்கையும் காணோம். தொடக்கத்திலேயே விற்கள் நடுங்குகின்றன, நடுவே வரும் விளம்ப காலப் பகுதியைத் தவிர எங்கும் அமைதி இல்லை. அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் தேதி, 38 வயதில் அவரும் காலமானார். இழவு என்று தொல்காப்பியர் சொன்னது இங்கே கண்கூடு. ஆனால் இந்த வரலாற்றிலிருந்து நான் பெறும் பாடம் வேறு. துக்கத்தை இசையில் கொட்டிவிட்டால் துக்கம் தீர்ந்துபோகும், கலை மனத்துக்கு மருந்து என்று பலர் சொல்வதுண்டு. அந்த மருந்தை உருவாக்கியவரையே அது காப்பாற்றவில்லை. இசை தீர்த்தது ஏதேனும் உண்டானால், அதை இயற்றியவருடைய துயரத்தில் தேடிப் பயனில்லை.

பொஹீமிய நாட்டு இசையமைப்பாளர் ஸ்மெத்தனாவின் உதாரணம் இன்னும் தெளிவானது. 1874-ல் செவிப்புலனை முழுவதும் இழந்த அவர், 1876-ல் ‘என் வாழ்க்கையிலிருந்து’ என்று பெயரிட்டே ஒரு குவார்டெட் எழுதினார். அதன் இறுதிப் பகுதி குதூகலமான நாட்டியமாக ஓடிக்கொண்டிருக்கையில் திடீரென்று தடைப்படுகிறது. கீழ் வாத்தியங்கள் நடுங்க, முதல் வயலின் மிக உச்சியில் ‘ஈ’ என்ற ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. செவிடாவதற்கு முன் தம் காதில் ரீங்கரித்த ஒலி அது என்று அவரே விளக்கியிருக்கிறார். அந்த விளக்கத்தை அறிந்தவர்க்கு ஸ்மெத்தனாவின்மேல் இரக்கம் உண்டாகும். அதை ஒருபோதும் அறியாதவர்க்கும் அந்த ஸ்வரம் எழும்போது குலை நடுங்குகிறது; ஓடிக்கொண்டிருந்த ஆனந்தம் காரணம் இன்றி அறுந்து போவதை அவர் தம் செவியாலேயே கண்டுகொள்கிறார். இரக்கம் சரித்திரத்தால் வந்தது. நடுக்கம் நாதத்தால் வந்தது.

அப்படியானால் துக்கம் கேட்பவனுடையதுதானா? இசையின் உள்ளடக்கம் உணர்ச்சி அன்று, இயங்கும் நாத உருவங்களே என்று 1854-ல் வியன்னாவின் இசை விமர்சகர் ஹான்ஸ்லிக் வாதிட்டார். சோகமும் காதலும் ஒரு பொருளைப் பற்றிய எண்ணத்தோடு பிறப்பவை, எண்ணத்தைச் சொல்ல இசைக்கு வாயில்லை, ஆகவே குறிப்பிட்ட எந்த உணர்ச்சியையும் அது சித்திரிக்க முடியாது என்பது அவர் தர்க்கம். அவருக்கு முன்பே தத்துவஞானி ஷோபன்ஹவர் இதே உண்மையை எதிர்க்கரையிலிருந்து பார்த்து, இசை இன்னாருடைய இன்ன துக்கத்தைச் சொல்வதில்லை, காரணமும் சந்தர்ப்பமும் கழிந்த துக்கத்தையே சொல்கிறது என்றார். ஹான்ஸ்லிக் குறை என்று காட்டியதை ஷோபன்ஹவர் பெருமை என்று கொண்டார். இருவரும் ஒப்புக்கொண்ட செய்தி ஒன்றே. குவார்டெட்டின் துக்கத்துக்கு விலாசம் இல்லை.

விலாசம் இல்லாத துக்கம் எப்படி இனிக்கும் என்பதற்கு, நான் அறிந்த அளவில், நிறைவான விடை காஷ்மீரத்து ஆலங்காரிகர்களிடமே இருக்கிறது. நாடகத்தில் காணும் பாவம் என்னும் உணர்ச்சி என்னுடையது, பகைவனுடையது, யாரோ ஒருவருடையது என்ற வரம்புகள் கழிந்து பொதுமை எய்தும்போதே ரஸமாகிறது என்று பட்டநாயகர் வகுத்ததை அபிநவகுப்தர் ஏற்றுக்கொண்டு, ரஸானுபவத்துக்குரிய விக்கினங்களுள் ஒன்றாக, ரசிகன் தன் சொந்தச் சுகதுக்கங்களில் அகப்பட்டுக்கொண்டிருப்பதைக் குறிப்பிட்டார். அந்த விக்கினத்தை நீக்கும் சாதனமாக அவர் சொன்னவற்றுள் பாட்டும் வாத்தியமும் அடங்கும். நிலைகொள்ளாமல் அலைவதே துக்கத்தின் உயிர். அறிவு அலையாமல் தன்னில் ஓய்வு கொள்ளும்போது, அதன்முன் நிற்பது சோகமேயானாலும் அனுபவம் இன்பமயமாகிறது என்பது அவர் சித்தாந்தம்.

நாடகத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இந்தச் சாஸ்திரம் குவார்டெட்டுக்குப் பொருந்துவதற்கு, அதன் அமைப்பே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் வரும் மெட்டு எந்த ஒரு வாத்தியத்துக்கும் சொந்தமன்று. ஒரு குரல் தன் துயரத்தைச் சொல்லத் தொடங்கி, அதைச் சொல்லி முடிக்குமுன் இன்னொரு குரலிடம் ஒப்படைத்துவிட்டு, அது சொல்வதற்குத் தான் துணை நிற்கிறது. ஒருவரே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தால் புலம்பலாகப் போய்விடக் கூடியது, நால்வரிடையே கை மாறுவதால் யாருடைய உடைமையும் ஆகாமல் நிற்கிறது. துக்கத்தில் நம்மைச் சுடுவது இழப்பைக் காட்டிலும், அதை ‘எனது’ என்று இறுகப் பற்றிக்கொள்ளும் மமகாரம். அந்தப் பற்று கழன்றபின் துக்கம் எப்படி இருக்கும் என்பதைச் செவியால் அறியும்படி செய்ததே இந்தக் கலையின் சாதனை.

இதைச் சமய அனுபவம் என்று சொல்லலாமா? 19-ஆம் நூற்றாண்டில் பலர் சொன்னார்கள். கோயிலுக்குப் போகும் பக்தியோடு சபைக்குப் போனார்கள். புனித அகஸ்டினோ, பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை உருக்கும் வேளையில் தாம் பாவம் செய்வதாக எண்ணிக் கலங்குவதைத் தம் சுயசரிதத்தில் எழுதி வைத்தார். இரண்டும் மிகை என்பது என் எண்ணம். அபிநவகுப்தரே ரஸானுபவத்தை யோகியின் அனுபவத்தினின்று வேறாகவே வைத்தார். இசை நின்றதும் ரஸம் நின்றுவிடும். மண்டபத்தைவிட்டு வெளியே வந்தவனை அவனுடைய கடனும் பகையும் வாசலில் காத்திருந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் மமகாரம் அற்ற துக்கம் என்று ஒன்று உண்டென்பதைச் சாஸ்திரத்தில் படித்து நம்புவது வேறு, அரைமணி நேரமேனும் அதனுள் இருந்து பார்ப்பது வேறு. அந்த அளவில் அது மோட்சம் அன்று. ஆயினும் மோட்சத்தைப் பற்றிய பேச்சு வெறும் பேச்சன்று என்பதற்கு நம்பத்தக்க சாட்சி.

இந்த இசைக்குப் புதியவர்கள் ஷூபர்ட்டின் டி மைனர் குவார்டெட்டின் இரண்டாம் பகுதியை முதலில் கேட்கலாம். ஒருமுறை முதல் வயலினைப் பின்பற்றிக் கேளுங்கள். மறுமுறை, மெட்டு யாரிடம் இருந்தாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, துணை வாசிப்பவர்களை மட்டும் கேளுங்கள். முதல்முறை உருக்கம் மிகுதியாயிருக்கும். இரண்டாம் முறைதான் இசை விளங்கும்.